நிலக்கரி மீத்தேன் கிணறுகளும் ஊடுருவுதிறனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலக்கரி அடுக்கிலிருந்து மீத்தேன் எடுப்பது பற்றிப் பேச்சு வந்தாலே "அங்கே எவ்வளவு வாயு இருக்கிறது?" என்பதிலேயே பலரும் நின்றுவிடுகிறார்கள். செய்திகளும் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போடுகின்றன. இருக்கிற வாயுவை நிலக்கரி வெளியே விடுகிறதா, விட்டால் எவ்வளவு வேகத்தில் விடுகிறது என்பதுதான் கிணற்றின் வடிவத்தையும் எண்ணிக்கையையும் செலவையும் முடிவு செய்கிறது. அதற்குப் பெயர் ஊடுருவுதிறன். களத்தில் வேலை செய்பவர்கள் சுருக்கமாக "பெர்ம்" என்பார்கள். இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நிலக்கரிக்குள் வாயு எங்கே இருக்கிறது? வெற்றிடங்களில் அடைபட்டுக் கிடக்கிறதா?

வழக்கமான எரிவாயு வயலில் மணற்கல்லின் துளைகளுக்குள் வாயு அழுத்தத்தோடு நிரம்பியிருக்கும். நிலக்கரியில் அப்படி இருப்பது கொஞ்சம்தான். பெரும்பங்கு, பொதுவாக 90 சதவீதத்துக்கும் மேல், நிலக்கரியின் மிக நுண்ணிய துளைகளின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேதியியல் பாடத்தில் பரப்புக் கவர்தல் என்று படித்தோமே, அதேதான். சுற்றியுள்ள நீரின் அழுத்தம் அதை அங்கே பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தம் குறைந்தால் மூலக்கூறுகள் பரப்பை விட்டுப் பிரிகின்றன, கெட்டியான கரித்துண்டுக்குள் மெல்ல விரவி நகர்ந்து பக்கத்தில் இருக்கும் ஒரு பிளவுக்கு வருகின்றன, பிளவு வழியாகக் கிணற்றுக்குப் பாய்கின்றன. இந்தக் கடைசிக் கட்டம்தான் ஊடுருவுதிறன் ஆளும் இடம்.

அந்தப் பிளவுகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். ராணிகஞ்ச் பக்கத்து நல்ல பிட்டுமினஸ் கரித்துண்டு ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பளபளப்பான பட்டைகளில் நெருக்கமாக, அடுக்குக்குச் செங்குத்தாக, மெல்லிய கோடுகள் ஓடும். தட்டினால் அந்தக் கோடுகளில்தான் உடைந்து சிறு கனசதுரங்களாக விழும். சில கோடுகளில் வெள்ளையாகக் கால்சைட் படிந்து அடைத்திருக்கும், அந்த வழியில் வாயு போகாது. இவற்றுக்குக் கிளீட் என்று பெயர்.

ஊடுருவுதிறனை எப்படிச் சொல்கிறார்கள்? எவ்வளவு இருந்தால் நல்லது?

அலகு டார்சி. பிரான்சின் டிஜோன் நகரக் குடிநீர்த் திட்டத்தில் வேலை பார்த்த ஆன்றி டார்சி, மணல் வழியாக நீர் பாய்வதை அளந்து 1856-இல் வெளியிட்ட விதியிலிருந்து வந்த பெயர். நிலக்கரிக்கு டார்சி ரொம்பப் பெரிய அலகு, அதனால் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிடார்சியில் பேசுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டால் இதன் குணம் பிடிபடும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிளீட், ஒவ்வொன்றின் இடைவெளியும் 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊடுருவுதிறன் சுமார் 8 மில்லிடார்சி வரும். அதே பிளவு 20 மைக்ரானாக விரிந்தால் 67. 5 மைக்ரானாகச் சுருங்கினால் வெறும் 1. பிளவின் அகலம் இரட்டித்தால் ஊடுருவுதிறன் எட்டு மடங்காகிறது, ஏனென்றால் அது அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம்தான் ஒரு வயலை லாபமாக்கவோ கைவிட வைக்கவோ போதுமானதாக இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல பதில்கள் தானாகவே புரியும்.

உலகத்தில் எந்த இடத்தில் எவ்வளவு?

அமெரிக்காவின் வயோமிங்கில் பௌடர் ரிவர் படுகையில் நூற்றுக்கணக்கான மில்லிடார்சி, சில இடங்களில் ஒரு டார்சியையும் தாண்டும். நியூ மெக்சிகோ, கொலராடோ எல்லையில் சான் வான் படுகையின் சிறந்த பகுதியை "ஃபேர்வே" என்பார்கள், அங்கே பத்து முதல் அறுபது வரை என்று பொதுவாகச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் சூரத் படுகையில் இடத்துக்கு இடம் பெரிய வேறுபாடு, நல்ல பகுதிகளில் நூற்றுக்கணக்கில். சீனாவின் சின்ஷுயி படுகையில் பெரும்பாலும் ஓரிரு மில்லிடார்சி, பல இடங்களில் 1-க்கும் கீழே. நம் தாமோதர் பள்ளத்தாக்கு, அதாவது ராணிகஞ்ச், ஜாரியா, பொகாரோ எல்லாம் சின்ஷுயி பக்கம்தான், பெரும்பாலும் ஒற்றை இலக்கம்.

டன்னுக்கு இத்தனை கனமீட்டர் வாயு இருக்கிறது என்கிறார்களே, அது போதாதா?

போதாது. பௌடர் ரிவரில் ஒரு டன் நிலக்கரியில் கிடைப்பது ஒன்றிரண்டு கனமீட்டர்தான். சான் வானில் பத்துக்கு மேல் இருக்கும். வாயு அளவை மட்டும் பார்த்தால் பௌடர் ரிவரைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே அடுக்கு இருபது முப்பது மீட்டர் தடிமன், ஆழம் குறைவு, ஊடுருவுதிறன் அபாரம். 1990-களின் கடைசியில் தொடங்கிப் பத்து வருடத்துக்குள் பல்லாயிரம் கிணறுகள் அங்கே வந்தன.

டன்னுக்கு எவ்வளவு என்பதை அளக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுக்கிலிருந்து எடுத்த கரி உருளையைக் குழாயிலிருந்து வெளியே எடுத்த உடனேயே ஓட்டமாகக் கொண்டுபோய்க் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, அடுக்கின் வெப்பநிலையில் வெந்நீர்த் தொட்டியில் வைத்து, வெளிவரும் வாயுவை நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் அளப்பார்கள். மேலே வரும் வழியிலேயே பறந்துபோனதை முதல் சில மணி நேர அளவிலிருந்து பின்னோக்கிக் கணிப்பார்கள். கடைசியில் கரியை அரைத்து மிச்சத்தையும் அளப்பார்கள். நல்ல சோதனைதான், ஆனால் அது கிணற்றுக்கு வாயு வரும் வேகத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

ஏன் முதலில் மாதக்கணக்கில் தண்ணீரே வருகிறது?

கிளீட்கள் நீரால் நிரம்பியிருப்பதால். அந்த நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தால்தான் வாயு பிரியத் தொடங்கும். எந்த அழுத்தத்தில் கரி எவ்வளவு வாயுவைப் பிடித்து வைக்கும் என்று காட்டும் லாங்மூர் சமன்பாடு, எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஒரு கற்பனை அடுக்கை எடுத்துக்கொள்வோம்: 600 மீட்டர் ஆழம், நீரழுத்தம் சுமார் 60 பார், லாங்மூர் கொள்ளளவு, அதாவது கரி அதிகபட்சம் பிடிக்கக்கூடியது, டன்னுக்கு 20 கனமீட்டர், லாங்மூர் அழுத்தம், அதாவது அதில் பாதியைப் பிடிக்கும் அழுத்தம், 30 பார். 60 பாரில் இந்தக் கரி 13 கனமீட்டருக்கு மேல் பிடித்து வைக்க முடியும். ஆனால் உள்ளே இருப்பது 10 என்றால், அழுத்தம் 30 பாருக்கு இறங்கும் வரை ஒரு குமிழிகூடப் பிரியாது. பாதி அழுத்தத்தை இறக்கும் வரை பம்ப் ஓடும், மின்சாரச் செலவு ஓடும், தண்ணீரை எங்கே கொண்டுபோவது என்ற தலைவலி ஓடும், வருமானம் பூஜ்யம். அழுத்தத்தை 5 பார் வரை இறக்க முடிந்தால் இருக்கிற வாயுவில் எழுபது சதவீதம் எடுக்கலாம்.

இதில் ஊடுருவுதிறன் எங்கே வருகிறது என்றால், அழுத்தக் குறைவு கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்துக்கு, எவ்வளவு சீக்கிரம் பரவுகிறது என்பதில். குறைவான இடத்தில் கிணற்றடியில் அழுத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கியிருப்பீர்கள், ஐம்பது மீட்டர் தள்ளி அடுக்குக்கு அது தெரிந்தே இருக்காது.

அப்படியானால் கிணற்றை அகலமாகத் தோண்டினால் என்ன?

நியாயமான கேள்வி, ஆனால் கணக்கு கைவிட்டுவிடும். கிணற்றைச் சுற்றி வட்டமாக வரும் ஓட்டத்தில், கிணற்று ஆரமும் அது நீர் இழுக்கும் ஆரமும் மடக்கை வழியாகத்தான் வருகின்றன. ஆரம் 10 சென்டிமீட்டர், எட்டும் தூரம் 200 மீட்டர் என்றால் அந்த மடக்கையின் மதிப்பு 7.6. ஆரத்தை ஐந்து மடங்காக்கி 50 சென்டிமீட்டருக்கு அகலப்படுத்தினால் 6.0. அதாவது ஐந்து மடங்கு அகலத்துக்கு ஓட்டம் கூடுவது கால்வாசியை ஒட்டித்தான். ஊடுருவுதிறனோ நேராகப் பெருக்குகிறது: அது பத்து மடங்கானால் ஓட்டமும் பத்து மடங்கு.

அதே சமயம், கிணற்றின் இரு பக்கமும் 60 மீட்டர் நீளத்துக்கு நல்ல ஒரு விரிசலைத் திறந்து மணலால் தாங்கிவிட்டால், அது 30 மீட்டர் ஆரமுள்ள கிணற்றுக்குச் சமம். மடக்கை 1.9 ஆகிறது, ஓட்டம் நான்கு மடங்கு. இப்படி அழுத்தத்தோடு நீரைச் செலுத்தி விரிசல் உண்டாக்கும் ஃபிராக்கிங் ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

எந்த ஊடுருவுதிறனுக்கு எந்த மாதிரிக் கிணறு?

கறாரான எல்லைகள் கிடையாது, அடுக்கின் தடிமன், எண்ணிக்கை, ஆழம், வாயு விலை எல்லாம் சேர்ந்துதான் முடிவு. இருந்தாலும் உலக அனுபவத்தில் ஒரு ஒழுங்கு தெரிகிறது.

நூறு மில்லிடார்சிக்கு மேல் என்றால் எளிமையே போதும். பௌடர் ரிவரில் போர்வெல் போடும் லாரி ரிக்கைக் கொண்டுவந்து, அடுக்கின் தலைக்கு மேல் வரை கேசிங் (துளையின் சுவரைத் தாங்கும் எஃகுக் குழாய்) இறக்கிச் சிமென்ட் போட்டு, அதற்குக் கீழே கரியைத் திறந்த துளையாகவே விட்டு, அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்தி, சுத்தமான நீரால் கழுவிப் பம்பை இறக்கிவிட்டார்கள். சில நாள் வேலை. சூரத் படுகையிலும் இதே மனப்பான்மைதான்: அங்கே ஒரே தடித்த அடுக்கு இல்லை, மெல்லிய அடுக்குகள் பல, அதனால் துளையிட்ட லைனர் குழாயை எல்லா அடுக்கையும் தாண்டி இறக்கி ஒன்றாகவே எடுக்கிறார்கள். பெரும்பாலான கிணறுகளுக்கு ஃபிராக்கிங் தேவைப்படவில்லை. அந்த வாயுதான் கிளாட்ஸ்டோன் பக்கத்து கர்டிஸ் தீவில் திரவமாக்கப்பட்டுக் கப்பலேறுகிறது.

சான் வான் ஃபேர்வேயில் நடந்ததுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம். திறந்த துளையில் காற்றையும் நீரையும் அழுத்தி ஏற்றி, சட்டென்று வால்வைத் திறந்துவிடுவார்கள். கரி நொறுங்கிக் கிணற்றுக்குள் பாயும், அதை வெளியே ஊதித் தள்ளுவார்கள், மறுபடி அழுத்தம், மறுபடி திறப்பு, இப்படியே நாள்கணக்கில். கடைசியில் ஒன்றிரண்டு மீட்டர் ஆரத்தில் ஒரு குழிவு உண்டாகும். மேலே பார்த்த கணக்குப்படி குழிவின் அகலத்தால் மட்டும் பெரிய லாபம் இல்லை. உண்மையான லாபம், அந்தக் குழிவைச் சுற்றிப் பல மீட்டருக்குக் கரியின் தகைவு, அதாவது பாறை அதை நெருக்கும் அழுத்தம், தளர்ந்து கிளீட்கள் விரிந்துகொடுப்பதில் இருக்கிறது. ஃபிராக் செய்த பக்கத்துக் கிணறுகளைவிட இவை பல மடங்கு கொடுத்தன. இதைப் பார்த்து மற்ற நாடுகளில் எல்லாம் முயன்றார்கள், பெரும்பாலும் எடுபடவில்லை. நல்ல ஊடுருவுதிறன், நல்ல அழுத்தம், நொறுங்கும் குணமுள்ள தடித்த கரி மூன்றும் சேர்ந்து அமையும் இடம் அரிது.

ஒன்றிலிருந்து இருபது வரையான இடைப்பட்ட வகைக்குக் கேசிங், சிமென்ட், குழாயைத் துளைக்க வெடிமருந்தால் போடும் துப்பாக்கித் துளைகள், அப்புறம் ஃபிராக்கிங். அலபாமாவின் பிளாக் வாரியர் படுகை இதற்கு முன்னோடி. இந்தியாவில் ராணிகஞ்ச் இந்த வழியில்தான் போனது. அசன்சோல் பக்கம் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனம் 2007-இல் நாட்டின் முதல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது.

அதற்கும் கீழே போனால் செங்குத்துக் கிணறு கட்டுப்படியாகாது. அடுக்குக்குள்ளேயே நூற்றுக்கணக்கான மீட்டர், சமயத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கிடையாக ஓட வேண்டும். ஆஸ்திரேலியாவின் போவன் படுகையில் தூரத்திலிருந்து ஒரு கிணறு வளைந்து அடுக்குக்குள் நுழைந்து, பம்ப் வைத்த செங்குத்துக் கிணற்றைச் சரியாகச் சந்திக்கும். அடுக்கு சாய்ந்திருப்பதைப் பயன்படுத்தி நீர் தானாகப் பம்ப் பக்கம் இறங்கும்படி அமைப்பார்கள். மத்தியப் பிரதேசத்தின் சோஹாக்பூரில் 2017-இல் வணிக உற்பத்தி தொடங்கிய ரிலையன்ஸும் பிற்பாடு ஒரே கிணற்றிலிருந்து பல கிடைக்கிளைகள் பிரியும் வகைக்கு வந்தது.

கிடைக்கிணறு எந்தத் திசையில் போக வேண்டும் என்பது முக்கியமா?

மிகவும். ஒரு செங்கல் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசைகளுக்கு இடையேயான சாந்துக்கோடு சுவர் முழுக்க நீளமாக ஓடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நிற்கும் கோடு அடுத்த வரிசையில் முட்டி நின்றுவிடும். கிளீட்களும் அப்படியே: நீளமாக ஓடுபவை முகக் கிளீட், அவற்றில் முட்டி நிற்பவை முட்டுக் கிளீட். முகக் கிளீட் திசையில் ஊடுருவுதிறன் மற்ற திசையைவிடச் சில மடங்கு கூடுதலாக இருப்பது சாதாரணம். ஆகவே கிணறு முகக் கிளீட்களை வெட்டிக்கொண்டு, அவற்றுக்குச் செங்குத்தாகப் போக வேண்டும். அவற்றுக்கு இணையாக ஓட்டினால் கிலோமீட்டர் நீளக் கிணறும் இரண்டு மூன்று பிளவுகளோடு திருப்திப்பட வேண்டியதுதான். ஆனால் அப்படி வெட்டிப் போகும்போது துளையின் சுவர் இடிந்து விழும் ஆபத்து சில இடங்களில் கூடும், அதனால் நடைமுறையில் கோணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள்.

ஃபிராக்கிங் செய்தால் நிலக்கரியின் ஊடுருவுதிறன் கூடிவிடுமா?

இல்லை. கிணற்றிலிருந்து அடுக்குக்குள் ஒரு பாதை கிடைக்கிறது, அவ்வளவுதான். பாதைக்கு அப்பால் கரி பழைய கரியே. 0.1 மில்லிடார்சி அடுக்கில் எவ்வளவு மணல் தள்ளினாலும் ஆறே மாதத்தில் கிணறு சோர்ந்துபோவதற்கு இதுதான் காரணம்.

துளை போடும்போதே அடுக்கு கெட்டுப்போகும் என்கிறார்களே?

உண்மை, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். டிரில்லிங் சேறு, சிமென்ட், ஃபிராக் ஜெல் எல்லாமே கிளீட்டுக்குள் புகுந்து அடைக்கும். கணக்கைப் பாருங்கள்: கிணற்றைச் சுற்றி வெறும் ஒரு மீட்டருக்குள் ஊடுருவுதிறன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், முன்பு சொன்ன அதே கிணற்றின் ஓட்டம் ஏறக்குறைய கால்வாசிக்கு விழுந்துவிடும். 200 மீட்டர் தூரம் வரை நல்ல கரி இருந்தும் பயன் இல்லை. அதனால்தான் பல இடங்களில் சேற்றுக்குப் பதில் சுத்த நீர் அல்லது காற்றை வைத்து, அடுக்கின் அழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தத்தில் துளையிடுகிறார்கள். ஒரு நாள் ரிக் வாடகையை மிச்சம் பிடிக்க அடுக்குக்குள் கனமான சேற்றை நிற்க விடுவது பிறகு எந்தப் பம்பாலும் சரிசெய்ய முடியாத சேதம்.

ஊடுருவுதிறனை எப்படி அளக்கிறார்கள்? ஆய்வகத்தில் போதாதா?

ஆய்வகத்தில் கரி உருளையை வைத்து அளப்பதை நான் நம்புவதில்லை. மேலே வந்ததும் கரி தகைவு நீங்கிப் பிளவுகள் விரிந்துவிடும், கூடவே சிறிய உருளைக்குள் பெரிய கிளீட் மாட்டாமலேயே போகும். இரண்டு தவறும் எதிரெதிர் திசையில் இழுக்கும். கிணற்றில் செய்யும் சோதனைதான் நம்பகமானது. ஒரே அடுக்கை மேலும் கீழும் பாக்கர் என்ற உப்பும் அடைப்பான் வைத்து அடைத்து, சில மணி நேரம் சீராக நீர் செலுத்தி, நிறுத்திவிட்டு, அழுத்தம் எப்படி இறங்குகிறது என்று பதிவு செய்வார்கள். அந்த வளைவிலிருந்து ஊடுருவுதிறன், அடுக்கின் அழுத்தம், கிணற்றடிச் சேதம் மூன்றும் கிடைக்கும். கவனிக்க வேண்டியது: செலுத்தும் அழுத்தம் கரியைப் பிளக்கும் அளவை எட்டக் கூடாது. எட்டினால் கிளீட்கள் விரிந்து, இல்லாத ஊடுருவுதிறனை இருப்பதாகக் காட்டும். அந்த எண்ணை வைத்து நூறு கிணறு திட்டமிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உற்பத்தி நடக்க நடக்க அது மாறுமா?

மாறும், அதுவும் இரண்டு பக்கமும். நீரை எடுக்க எடுக்கக் கிளீட்டுக்குள் அழுத்தம் குறைகிறது, மேலே இருக்கும் பாறையின் எடையை இப்போது கரியே தாங்க வேண்டும், பிளவுகள் நசுங்குகின்றன. மறுபக்கம், வாயு பிரிந்துபோன கரித்துண்டு கொஞ்சம் சுருங்குகிறது, பிளவுகள் விரிகின்றன. முதலில் நசுங்கலும் பிறகு சுருக்கமும் மேலோங்கும். சான் வானில் இந்தச் சுருக்கத்தால் ஊடுருவுதிறன் பத்து மடங்கும் அதற்கு மேலும் கூடிய கிணறுகள் உண்டு. பால்மர், மன்சூரி இருவரும் 1990-களில் தந்த மாதிரி இதைக் கணக்கில் கொண்டுவந்தது. ஆனால் இந்த நல்ல காலம் வர வேண்டுமானால் முதலில் வாயு பிரியும் அழுத்தத்துக்குப் போய்ச்சேர வேண்டும், குறைந்த ஊடுருவுதிறனில் பல கிணறுகள் அதற்கு முன்பே நின்றுவிடுகின்றன. கனடாவின் சில ஆழமான அடுக்குகளும் நம் ஆழமான அடுக்குகளும் ஒரே பிரச்சினையில் மாட்டுவது இங்கேதான்: ஆழம் கூடினால் வாயு கூடுகிறது, பிளவுகளோ இறுகுகின்றன. 1000 மீட்டருக்குக் கீழே நல்ல ஊடுருவுதிறன் என்பது விதிவிலக்கு.

கரியமில வாயுவை உள்ளே செலுத்தி மீத்தேனைத் தள்ளலாமே?

தள்ளலாம். நிலக்கரி மீத்தேனைவிடக் கரியமில வாயுவை விரும்பிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடித்ததும் உப்பும், உப்பினால் கிளீட் மூடும். சான் வானின் அலிசன் பகுதியில் 1995-இல் தொடங்கிய சோதனையிலும், ஜப்பானின் யூபாரியிலும் இதுதான் நடந்தது: செலுத்தும் திறன் விழுந்தது.

நன்றாக ஓடிய கிணறு திடீரென நிற்பது ஏன்?

பல சமயம் கரித்தூள். ஓட்டம் வேகமானால் கிளீட் சுவரிலிருந்து தூள் பெயர்ந்து நீரோடு வரும். கிணற்றுத் தலையில் மாதிரி எடுத்தால் பாட்டிலின் அடியில் கறுப்பாக, மினுமினுப்பாகப் படியும். அது பம்பின் ரப்பர் உறைக்குள் இறுகி ரோட்டரைப் பிடித்துவிடும். பம்ப் நின்ற சில மணி நேரத்தில் கிணற்றில் நீர்மட்டம் ஏறி, கிணற்றடி அழுத்தமும் ஏறி, பிரிந்துகொண்டிருந்த வாயு மறுபடி ஒட்ட ஆரம்பிக்கும். ஆகவே நீர்மட்டத்தை ஒரேயடியாக இறக்காமல் நாளுக்குச் சில மீட்டர் என்று பொறுமையாக இறக்குவதுதான் நல்ல வழக்கம். குறைந்த ஊடுருவுதிறன் உள்ள இடத்தில் இந்தப் பொறுமை இன்னும் அவசியம், ஏனென்றால் அங்கே கிணற்றடியிலேயே அழுத்தச் சரிவு செங்குத்தாக இருக்கும், தூளும் அங்கேதான் பெயரும்.

கிணறுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும்?

அழுத்தக் குறைவு பரவும் தூரம், ஊடுருவுதிறன் பெருக்கல் காலம் என்பதன் வர்க்கமூலத்தில் போகிறது. ஊடுருவுதிறன் பத்தில் ஒன்றானால் அதே காலத்தில் எட்டும் தூரம் மூன்றில் ஒன்று, பரப்பு பத்தில் ஒன்று. அதாவது ஒரே நிலத்தை ஒரே காலத்தில் காலிசெய்யப் பத்து மடங்கு கிணறு. சான் வானில் முதலில் 320 ஏக்கருக்கு ஒரு கிணறு, பிற்பாடு 160-க்கு. பௌடர் ரிவரில் வழக்கம் 80 ஏக்கர், அங்கே ஊடுருவுதிறன் அவ்வளவு இருந்தும் நெருக்கமாகப் போட்டதற்குக் காரணம் கிணறு மலிவாக இருந்ததும், பெருகிவரும் நீரைக் கூட்டாக இறைக்க வேண்டியிருந்ததும். நெற்பயிர் விளையும் நிலத்தில், சிறு சிறு பட்டாக்களுக்கு நடுவே இப்படி ஒரு கட்டத்தைப் போடுவது எப்படிப்பட்ட காரியம் என்பதை வயோமிங்கின் மேய்ச்சல் நிலத்தை வைத்து எடை போட முடியாது. அடுத்த கேள்வி அங்கேதான் வருகிறது.

மன்னார்குடித் திட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. காவிரி டெல்டாவின் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரி மீத்தேன் எடுக்க 2010-இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜியோடு மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது, 2011 ஜனவரியில் மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. விவசாயிகளின் எதிர்ப்பு வலுத்து, 2013-இல் மாநில அரசு நிறுத்தி வைத்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று, இந்தத் திட்டத்துக்கு எதிரான பிரச்சாரத்தில் இருந்தபோதே காலமானார். வல்லுநர் குழு அறிக்கைக்குப் பிறகு 2015-இல் மாநில அரசு அனுமதி இல்லை என்று முடிவெடுத்தது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது.

டெல்டாவில் இருப்பது லிக்னைட், பழுப்பு நிலக்கரி. ராணிகஞ்ச் கரி பெர்மியன் காலத்தது, நன்றாகப் பழுத்தது. லிக்னைட் அதைவிடப் பல கோடி ஆண்டு இளையது. கிளீட்கள் கரி பழுக்கப் பழுக்கத்தான் உருவாகின்றன. லிக்னைட்டில் அவை சரியாக வளர்ந்திருக்காது, ஒட்டியிருக்கும் வாயுவும் குறைவு. ஆக, ராணிகஞ்ச் எண்ணை எடுத்து மன்னார்குடிக்குப் போட்டுப் பேசியவர்கள், ஆதரித்தாலும் எதிர்த்தாலும், வேறு ஒரு பாறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நீரைப் பற்றிய பயத்தைப் பொறுத்தவரை, விவசாயிகள் கேட்டது சரியான கேள்வி. நீர் இறைக்காமல் நிலக்கரி மீத்தேன் இல்லை. நெய்வேலியில் லிக்னைட்டுக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் மணல் அடுக்கு நீரைத் தொடர்ந்து இறைத்தால்தான் சுரங்கம் நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கரியின் மேலும் கீழும் இருப்பது மணலா களிமண்ணா, அதன் ஊடுருவுதிறன் எவ்வளவு, இறைக்கும் நீர் எந்த அடுக்கிலிருந்து வரும் என்பதைச் சோதனை எண்களோடு மக்கள் முன் வைத்த பிறகுதான் இப்படிப்பட்ட இடத்தில் பேச்சையே தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் ஊடுருவுதிறன் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லதா?

வாயு எடுப்பவருக்கும் எப்போதும் இல்லை. கரி பக்கத்து நீரடுக்குகளோடு நன்றாகத் தொடர்பில் இருந்தால், இறைக்கிற நீருக்கு ஈடாகப் புதுநீர் வந்துகொண்டே இருக்கும், அழுத்தம் இறங்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஒற்றைக் கிணறு வருடக்கணக்கில் ஓடினாலும் வாயு வராது. பல கிணறுகள் சேர்ந்து, ஒன்றன் பரப்பு மற்றதோடு முட்டும்போதுதான் நடுவில் அழுத்தம் இறங்கும். பௌடர் ரிவரில் இப்படி வந்த நீரில் சோடியம் கூடுதலாக இருந்ததால் பாசனத்துக்கு விட்ட இடங்களில் களிமண் இறுகிப்போகும் பிரச்சினை எழுந்தது, பக்கத்து மொன்டானா மாநிலத்தோடு ஆற்று நீரின் தரம் பற்றி வழக்குகள் வந்தன. குயின்ஸ்லாந்தில் நிறுவனங்கள் எதிர்ச்சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) ஆலைகள் கட்டி நீரைச் சுத்தம் செய்து விவசாயத்துக்குக் கொடுக்க வேண்டி வந்தது, வடிகட்டிய உப்பு குளங்களில் சேர்கிறது. வயோமிங்கில் வாயு விலை விழுந்த பிறகு ஆயிரக்கணக்கான கிணறுகளை நிறுவனங்கள் விட்டுவிட்டுப் போயின. அவற்றை ஒவ்வொன்றாகச் சிமென்ட் போட்டு மூடும் வேலை மாநில அரசின் தலையில் விழுந்தது.